சிறகு கட்டிய எஞ்சினியர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று யூனியன் அண்ணன்கள் கேட்டபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். எனக்குக் கவிதை வராது. காதல், நட்பு, ஹாஸ்டல் சாம்பார் என்று எழுத நம்ம கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் போன செமஸ்டரில் லைப்ரரியில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியபோது பார்த்த ஒரு போட்டோ மனசை விட்டுப் போகவில்லை. தாடி வைத்த ஒரு ஆள், முழங்கால் வரை கால்சட்டை, தலையில் தொப்பி. வவ்வால் சிறகு மாதிரி இரண்டு பெரிய சிறகுகளுக்கு நடுவே, கால்கள் அந்தரத்தில் தொங்க, ஒரு மேட்டுக்கு மேலே காற்றில் நிற்கிறார். கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த மனுஷரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஓட்டோ லிலியந்தால். ஜெர்மனிக்காரர்.

விமானம் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது ரைட் சகோதரர்கள்தான். அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சகோதரர்களே தங்களுக்கு முன்னோடி என்று மதித்தவர் இவர். பெரிய பிரபு வம்சம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மை மாதிரியே தொழிற்பள்ளியில் படித்து, ஒர்க்ஷாப்பில் கை அழுக்காகி, டிராயிங் போர்டு முன்னால் நின்று மேலே வந்தவர்.

1848-ம் வருஷம் மே 23-ம் தேதி, அப்போதைய பிரஷ்யா நாட்டில் அன்க்லாம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா வியாபாரி. வியாபாரம் நொடித்துப்போய், குடும்பத்தோடு அமெரிக்கா போய்விடலாம் என்று ஏற்பாடு நடந்துகொண்டிருந்த சமயம், 1861-ல் அப்பா இறந்துவிட்டார். அந்தத் தம்பதிக்குப் பிறந்தது எட்டுக் குழந்தைகள். பிழைத்தது மூன்றே பேர்: ஓட்டோ, ஒரு வயது இளைய தம்பி குஸ்டாவ், தங்கை மரீ. மூவரையும் அம்மாதான் வளர்த்து ஆளாக்கினார்.

அன்க்லாம் பக்கத்துப் புல்வெளிகளில் செங்கால் நாரைகள் நிறைய. அண்ணனும் தம்பியும் அவற்றின் பின்னாலேயே சுற்றுவார்கள். நாரை எழும்பும்போது காற்று அடிக்கும் திசைக்கு எதிராக ஓடித்தான் எழும்புகிறது என்பதைப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். பதிமூன்று, பதினான்கு வயசில் மெல்லிய பலகைகளில் சிறகு செய்து கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிப் பார்த்தார்கள். பகலில் செய்தால் கூடப் படிக்கிற பையன்கள் சிரிப்பார்கள் என்று ராத்திரியில் செய்தார்கள். பறக்கவில்லை என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை!

1864-ல் ஓட்டோவைப் போட்ஸ்டாம் நகரத்தில் இருந்த தொழிற்பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷப் படிப்பு. பிறகு பெர்லினில் ஷ்வார்ட்ஸ்கோப்ஃப் என்ற எந்திரத் தொழிற்சாலையில் ஒரு வருஷம் பயிற்சி, நம்ம இன்பிளான்ட் டிரெயினிங் மாதிரி. 1867-ல் பெர்லின் தொழிற்கல்விக் கழகத்தில் சேர்ந்தார். கையில் காசு கிடையாது. கூலித் தொழிலாளிகளோடு ஒரே படுக்கையை முறைபோட்டுப் பங்கிட்டுக்கொண்டு தூங்கவேண்டிய நிலைமை. ஒருத்தர் எழுந்து வேலைக்குப் போனால்தான் இன்னொருத்தருக்குப் படுக்கை. இதைப் படித்தபோது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடி ரூமில் ஆறு பேர் தங்கியிருக்கும் நம்ம பசங்க ஞாபகம் வந்தது.

அந்த வறுமையிலும் பறக்கும் பைத்தியம் விடவில்லை. 1867, 68-ல் லீவுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனும் தம்பியும் சிறகடிக்கும் ஒரு எந்திரம் செய்தார்கள். அதை ஒரு விட்டத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, கயிற்றின் மறுமுனையில் எடைக்கு எடை கட்டினார்கள். ஆளும் எந்திரமும் சேர்ந்து 80 கிலோ. மறுபக்கம் 40 கிலோ கட்டினால், காலால் மிதித்துச் சிறகடித்து மீதி 40 கிலோவை மேலே தூக்க முடிந்தது. மற்றவர்கள் பறந்தோமா இல்லையா என்று மட்டும் பார்த்தார்கள். இவர்கள் எத்தனை கிலோ தூக்கியது என்று பார்த்தார்கள். பறக்கவில்லை என்பது தோல்வி. பாதி எடை தூக்கியது என்பது ஒரு ரீடிங்! லிலியந்தால் என்றால் யார் என்று ஒரே விஷயத்தில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

1870-ல் பிரான்ஸோடு யுத்தம் வந்தது. இவரும் சிப்பாயாகப் போனார், பாரிஸ் முற்றுகையில் இருந்தார். திரும்பி வந்து எஞ்சினியர் வேலை பார்த்துக்கொண்டே தம்பியோடு சேர்ந்து அடுத்த சோதனையை ஆரம்பித்தார். அது சிறகடிக்கிற எந்திரம் இல்லை, அளக்கிற எந்திரம். நடுவில் ஒரு செங்குத்தான தண்டு. அதன் உச்சியில் குறுக்காக ஒரு நீளமான கை. கையின் இரண்டு முனையிலும் அளக்கவேண்டிய தகடுகள். தண்டில் கயிற்றைச் சுற்றி எடையைக் கட்டி விட்டால், எடை கீழே இறங்க இறங்கக் கை சுழலும், தகடுகள் காற்றை வெட்டிக்கொண்டு போகும். எவ்வளவு எடை போட்டால் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதிலிருந்து காற்றின் எதிர்ப்பு தெரியும். தகடு எவ்வளவு லேசாகிறது என்பதிலிருந்து தூக்கும் விசை தெரியும். ராட்டினம் மாதிரிதான், ஆனால் ரீடிங் கொடுக்கும் ராட்டினம்.

தட்டையான தகடு, வளைந்த தகடு, கொஞ்சம் வளைவு, அதிக வளைவு என்று மாற்றி மாற்றி, கோணத்தையும் மாற்றி மாற்றி அளந்தார்கள். அதில் வந்த முடிவுதான் முக்கியம். தட்டையான தகட்டைவிட, பறவைச் சிறகு மாதிரி மேல்பக்கம் லேசாகக் குவிந்த தகடு அதிகமாகத் தூக்குகிறது, எதிர்ப்பும் குறைவு. கோணமே கொடுக்காமல் படுக்கையாக வைத்தால்கூட வளைந்த தகடு தூக்குகிறது. சிறகின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு வளைவு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு கோணத்துக்கும் தூக்கும் விசை எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு என்று ஒரே வரைபடத்தில் வளைகோடாகப் போட்டார். ஏரோநாட்டிக்கல் படிப்பவர்கள் போலார் டயகிராம் என்று படிக்கும் சமாச்சாரத்தின் ஆரம்பம் அதுதான்.

1874 வாக்கிலேயே வளைந்த தகட்டின் ரகசியம் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் புத்தகமாக வந்தது 1889-ல்! பதினைந்து வருஷம். பறவைகள் பறப்பதை அடிப்படையாக வைத்து மனிதன் பறக்கும் கலையைச் சொல்லும் அந்தப் புத்தகம் ஆயிரம் பிரதி அச்சடிக்கப்பட்டது. அவர் உயிரோடு இருந்தவரை பெரும்பகுதி விற்கவில்லை. அந்தக் காலத்தில் பறப்பது என்றால் பலூன்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியே மனிதன் தன் தசை பலத்தால் பறப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தார். எஞ்சினியர்கள் பறக்கும் எந்திரம் என்று பேசினாலே கேலி செய்த காலம்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதைதான். முதல் வருஷம் முழுக்க நான் லேபில் எடுத்த ரீடிங்கை ரெக்கார்டில் எழுதியதே கிடையாது. சீனியர் அண்ணன் ரெக்கார்டு நோட்டை வாங்கி, கடைசி எண்ணை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதுவேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார்கள். ஒரு பேப்பர் அரியர் விழுந்தால்கூட வீட்டுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் விடை தப்பாக வந்துவிடக்கூடாது என்ற பயம். விடை முன்கூட்டியே தெரியும்போது ரீடிங் எதற்கு என்ற எண்ணம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருகிறேன்.

லிலியந்தாலுக்கு வயிற்றுப்பாடும் இருந்தது. 1878-ல் அக்னஸ் ஃபிஷர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நான்கு பிள்ளைகள். தம்பியோடு சேர்ந்து, குழந்தைகள் அடுக்கி வீடு கட்டி விளையாடும் கல் கட்டைகளைக் கண்டுபிடித்தார். விற்கத் தெரியாமல் அந்தத் தயாரிப்பு முறையை ரிக்டர் என்ற வியாபாரிக்கு ஆயிரம் மார்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள். ரிக்டர் அதை உலகம் பூரா விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். பிறகு கேஸ், கோர்ட் என்று அலைந்து, அதிலும் சகோதரர்களுக்குத் தோல்விதான்.

நீராவி எஞ்சின்தான் அவரைக் காப்பாற்றியது. அந்த நாளில் பாய்லர் என்றால் பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், வெடித்தால் கட்டிடமே போய்விடும். இவர் பாம்பு சுருண்ட மாதிரிக் குழாய்களை வளைத்து, குறைந்த தண்ணீரில் வேலை செய்யும் பாய்லரைச் செய்தார். தண்ணீர் குறைவானதால் ஆபத்தும் குறைவு. சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கூட ஒரு எஞ்சின் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இதை வைத்து பெர்லினில் சொந்தமாகத் தொழிற்சாலை ஆரம்பித்தார். 1890-ல் லாபத்தில் நான்கில் ஒரு பங்கைத் தொழிலாளிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். சாதாரண ஜனங்கள் பார்க்கக் குறைந்த டிக்கெட்டில் ஒரு நாடகக் கொட்டகையையும் ஆதரித்தார், அவரே நாடகமும் எழுதினார். மனுஷர் இதற்கெல்லாம் எப்படி நேரம் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. நமக்கு ஒரு டிராயிங் ஷீட் முடிக்கவே சனி, ஞாயிறு போதவில்லை.

இனிமேல்தான் பறக்கும் கதை. புத்தகம் எழுதி முடித்தபோது அவருக்கு நாற்பது வயசு தாண்டிவிட்டது. அந்த வயசில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பலகை போட்டு, சிறகைக் கையில் மாட்டிக்கொண்டு குதித்துப் பழகினார். அப்புறம் பலகை இரண்டு மீட்டர் ஆனது. 1891-ல் போட்ஸ்டாமுக்கு அருகே டெர்விட்ஸ் என்ற கிராமத்து மேட்டிலிருந்து ஓடிவந்து, காற்றில் ஏறி, சுமார் 25 மீட்டர் தூரம் மிதந்து இறங்கினார். 25 மீட்டர் என்றால் நம்ம ஒர்க்ஷாப் ஷெட்டின் நீளம்கூட இருக்காது. ஆனால் மனிதன் தன் எடையைச் சிறகில் தாங்கி, நினைத்தபடி, மறுபடி மறுபடி பறக்க ஆரம்பித்தது அங்கேதான்.

அடுத்தடுத்த வருஷங்களில் மேடு உயர்ந்தது, தூரம் கூடியது. பெர்லினுக்கு வடமேற்கே ரினோவ் குன்றுகளில் 250 மீட்டர் வரை பறந்தார். ஆனால் அது தொலைவு. ஃபேக்டரியையும் பார்த்துக்கொண்டு அடிக்கடி அங்கே போக முடியாது. அதனால் 1894-ல் பெர்லினை ஒட்டிய லிக்டர்ஃபெல்டேயில் தனக்கென்று ஒரு குன்றையே உண்டாக்கிக்கொண்டார்! பக்கத்தில் ஒரு செங்கல் சூளை. களிமண் எடுக்க மேல்மண்ணை வெட்டி ஒதுக்குவார்கள் இல்லையா, அந்தக் கழிவு மண்ணைக் கூம்பாகக் குவிக்கச் செய்தார். உயரம் 15 மீட்டர், அடிவட்டத்தின் விட்டம் 70 மீட்டர். உச்சியில் கிளைடரை வைக்க ஒரு கொட்டகை. கூம்பு வடிவம் எதற்கென்றால், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்கு எதிராக ஓடிப் பறக்கலாம். சின்ன வயசில் நாரையிடம் படித்த பாடம்.

இந்த விஷயத்தை மட்டும் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். விமானத்தைப் பற்றி அவருக்கு ஆர்வம் வரவில்லை. சூளை மண் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை லோடு இருக்கும் என்று கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூம்பின் கனஅளவு சுமார் 19,000 கன மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் இரண்டு யூனிட் லாரி என்றால் சுமார் 3,400 லோடு. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்தக் காலத்தில் லாரி ஏது, அத்தனையும் வண்டியிலும் கூடையிலும்தானே போயிருக்கும் என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த மேட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூடிவிடுவார்கள். போட்டோ எடுப்பவர்களும் வந்தார்கள். வேகமாக நகர்வதையும் அசையாமல் பிடிக்கும் கேமராவும் பிளேட்டும் அப்போதுதான் வந்திருந்தன. மனிதன் சிறகோடு காற்றில் இருக்கும் படங்கள் பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளியாயின. நான் லைப்ரரியில் பார்த்ததும் அந்த மாதிரி ஒன்றுதான். வாயால் சொன்னால் நம்பாதவர்கள் படத்தைப் பார்த்து நம்பினார்கள்.

கிளைடரின் அமைப்பைச் சொல்கிறேன், மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். சட்டம் வில்லோ மரக் குச்சிகளால் ஆனது, வளையும், சட்டென்று ஒடியாது. மேலே பருத்தித் துணி. சிறகின் நீளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 6.7 மீட்டர், பரப்பு 13 சதுர மீட்டர், மொத்த எடை 20 கிலோ. குடையைப் போல மடக்கி எடுத்துக்கொண்டு போகலாம். இந்த மாடலைத் தன் தொழிற்சாலையிலேயே செய்து 500 மார்க் விலைக்கு விற்றார். ஒன்பது பேராவது வாங்கியிருக்கிறார்கள். ரஷ்யாவின் விஞ்ஞானி ஷுகோவ்ஸ்கி, அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், இங்கிலாந்தின் பெர்சி பில்ச்சர் ஆகியோர் அதில் அடக்கம். ஒரே மாதிரி வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் விமானம் இதுதான் என்கிறார்கள். புரொடக்ஷன் என்ற சொல்லை நாம் படிக்கிறோமே, விமானத்துக்கு அது ஆரம்பித்தது ஒரு பாய்லர் ஃபேக்டரியில்.

ஆனால் ஒரு பெரிய குறை அதில் இருந்தது. ஸ்டியரிங் கிடையாது. பறப்பவர் இரண்டு முழங்கையையும் சட்டத்தில் ஊன்றித் தொங்குவார். இடது சிறகு தூக்கினால் காலை இடப்பக்கம் வீசவேண்டும், மூக்கு தூக்கினால் காலை முன்னால் வீசவேண்டும். உடம்பின் எடையை நகர்த்தித்தான் எல்லாம். மார்புக்கு மேலே உள்ள பாகம் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் ஆட்ட முடியும். இன்றைய ஹேங் கிளைடரில் முழு உடம்பையும் பட்டையில் தொங்கவிடுவதால் நிறைய நகர்த்தலாம். இவருக்கு அந்த வசதி இல்லை. அப்படியும் ஐந்து வருஷத்தில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் பறந்தார். எல்லாவற்றையும் கூட்டினால் காற்றில் இருந்த நேரம் சுமார் ஐந்து மணிதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்ம காலேஜில் ஒரு நாள் வகுப்பு நேரம்கூட இல்லை!

1894-ல் ஒருதடவை கிளைடர் தலைகுப்புற விழுந்தது. முன்னால் வளைத்துக் கட்டியிருந்த ஒரு வில்லோக் கம்பு முதலில் தரையில் மோதி நொறுங்கியதால் சின்னக் காயத்தோடு தப்பினார். அதற்கு அப்புறமாவது எஞ்சின் வைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கட்டுப்பாட்டில் முழுக் கவனம் வைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அவர் அதற்கும் சில வழிகளைச் சோதித்தார்தான். ஆனால் சிறகடித்துப் பறக்கும் எண்ணமும் விடவில்லை, கார்பானிக் அமில வாயுவில் ஓடும் ஒரு சின்ன எஞ்சினை வைத்துச் சிறகடிக்கும் எந்திரமும் செய்துகொண்டிருந்தார். பதினெட்டு வயசில் நான் அவருக்குப் புத்தி சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் வீட்டில் நான்கு பிள்ளைகள். எங்கம்மாவாக இருந்தால் அந்தச் சிறகை அடுப்பில் வைத்திருப்பார்.

1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. ரினோவுக்குப் பக்கத்தில் ஸ்டோல்ன் கிராமத்தில் இருக்கும் கோலன்பெர்க் குன்று. கூட இருந்தது அவருடைய மெக்கானிக் பவுல் பைலிஷ். வெயில் நன்றாக அடித்த நாள். சூடான தரையிலிருந்து காற்று திடீர் திடீரென்று மேலே கிளம்பும். அப்படி ஒரு காற்று கிளைடரின் மூக்கைத் தூக்கிவிட்டது. காலை முன்னால் வீசிப் பார்த்தார். போதவில்லை. வேகம் செத்து, கிளைடர் காற்றில் அப்படியே நின்று, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. குதிரை வண்டியில் கிராமத்துச் சத்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ரயிலில் பெர்லின் ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஆகஸ்ட் 10-ம் தேதி உயிர் பிரிந்தது. வயசு 48. கடைசியாக அவர் சொன்னதாக ஒரு வாசகம் கல்லறையிலும் பொறித்திருக்கிறார்கள், பல புத்தகங்களிலும் வருகிறது. அவர் அதை நிஜமாகவே சொன்னாரா என்பதில் சந்தேகம் இருப்பதால் நான் இங்கே எழுதவில்லை.

மூன்று வருஷம் கழித்து, அவரிடம் கிளைடர் வாங்கிய பில்ச்சரும் இங்கிலாந்தில் தன் கிளைடரிலிருந்து விழுந்து இறந்தார்.

லிலியந்தால் இறந்த செய்தி அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் கண்ணிலும் பட்டது. வில்பர் ரைட், ஆர்வில் ரைட். அவர்கள் இந்த விஷயத்தில் தீவிரமாக இறங்கியதற்கு அந்தச் சாவுச் செய்தியும் ஒரு காரணம். 1900-லும் 1901-லும் கிளைடர் கட்டியபோது, எவ்வளவு பெரிய சிறகு வேண்டும் என்று கணக்குப் போட லிலியந்தாலின் அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1901 கிளைடர் கணக்கில் வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் தூக்கியது. செத்துப்போனவர் அளவு தப்பு என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! முதலில் அவர்களுக்கும் அந்தச் சந்தேகம்தான் வந்தது. ஆனால் சந்தேகத்தோடு நிற்காமல், ஆறடி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து, உள்ளே சின்னச் சின்னச் சிறகு மாதிரிகளைத் தொங்கவிட்டு அளந்தார்கள். சுமார் இருநூறு வடிவங்கள்.

வந்த முடிவு என்ன தெரியுமா? லிலியந்தாலின் அட்டவணை, அவர் அளந்த சிறகு வடிவத்துக்கு, கிட்டத்தட்டச் சரி. தப்பு வேறு இடத்தில் இருந்தது. ஸ்மீட்டன் என்பவர் பெயரில் 18-ம் நூற்றாண்டிலிருந்து புத்தகத்துக்குப் புத்தகம் வந்துகொண்டிருந்த காற்றழுத்தக் குணகம் 0.005 என்ற எண்தான் அது. உண்மையில் அது சுமார் 0.0033. நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லோரும் அந்த எண்ணைக் காப்பியடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ரைட் சகோதரர்களின் சிறகு வடிவமும் அவர் அளந்ததிலிருந்து வேறுபட்டிருந்தது. இரண்டையும் திருத்திக்கொண்டு 1902-ல் கட்டிய கிளைடர் நன்றாகப் பறந்தது. 1903 டிசம்பர் 17-ல் எஞ்சினோடு பறந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

0.005 என்ற எண்ணைப் படித்த வாரம்தான் எங்கள் பேட்சுக்கு ஹைட்ராலிக்ஸ் லேபில் ஆரிஃபைஸ் எக்ஸ்பெரிமென்ட். விடை 0.62 வரவேண்டும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். வராவிட்டால் டைம் ரீடிங்கில் இரண்டு செகண்டைக் குறைத்தால் வந்துவிடும். எனக்கு 0.53 வந்தது. மறுபடி எடுத்தேன், 0.54. மூன்றாவது தடவை 0.53. சீனியர் ரெக்கார்டு பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. 0.53 என்றே எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. சார் முகம் சுளித்து ரிப்பீட் என்று எழுதிவிட்டார். அடுத்த வாரம் தனியாக நின்று மறுபடி எடுத்தேன், அதே 0.53. அப்போதுதான் சார் எழுந்து வந்து பார்த்தார். குனிந்து டேங்குக்கு அடியில் கையை விட்டார், கை ஈரமாக வந்தது. கலெக்டிங் டேங்கின் டிரெயின் வால்வு சரியாக மூடவில்லை. தண்ணீர் மெதுவாகக் கசிந்துகொண்டே இருந்ததால் மட்டம் ஏற அதிக நேரம் எடுத்திருக்கிறது. வாஷர் மாற்றியபின் 0.61 வந்தது. அந்த வால்வு எத்தனை நாளாக, எத்தனை பேட்சாகக் கசிந்தது என்று யாருக்குமே தெரியவில்லை. எல்லா ரெக்கார்டிலும் 0.62 அழகாக இருக்கிறது.

லிலியந்தால் கதைக்கு வருகிறேன். 2016-ல் ஜெர்மனியின் விண்வெளி மையத்துக்காரர்கள் அவருடைய கிளைடரை அதே அளவில், அதே மாதிரி மரத்திலும் துணியிலும் செய்து, பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். நல்ல நிலைத்தன்மை உள்ள எந்திரம், பறக்கத் தகுதியானது என்று தெரியவந்தது. பெர்லினின் டேகல் விமான நிலையத்துக்கு 1988-ல் அவர் பெயரை வைத்தார்கள். அது 2020-ல் மூடப்பட்டுவிட்டது. சூளை மண்ணில் எழுந்த அந்தக் குன்று மட்டும் இருக்கிறது, 1932-ல் அதை நினைவிடமாக ஆக்கினார்கள். களிமண் தோண்டிய குழி குளமாகிவிட்டது.

அவர் விழுந்த ஸ்டோல்ன் கிராமத்தில் இன்னொரு அதிசயம் நடந்தது. 1989 அக்டோபர் 23. அப்போது கிழக்கு ஜெர்மனி என்று தனி நாடு. அதன் இன்டர்ஃப்ளூக் கம்பெனி, பழசாகிவிட்ட ஒரு இல்யூஷின் 62 விமானத்தை லிலியந்தால் நினைவாக அந்தக் கிராமத்துக்கே கொடுக்க முடிவு செய்தது. வாலில் நான்கு ஜெட் எஞ்சின், 53 மீட்டர் நீளம், சாதாரணமாக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சிமெண்ட் ஓடுபாதை கேட்கும் விமானம். ஸ்டோல்னில் இருந்ததோ சுமார் 900 மீட்டர் புல்தரை. கால்பாக் என்ற விமானி அதில் இறக்கினார். சக்கரம் தொட்டதும் மண்ணும் தூசியும் மேகமாக எழுந்து விமானத்தையே மறைத்துவிட்டது. தூசி அடங்கியபோது விமானம் முழுசாகப் புல்லில் நின்றுகொண்டிருந்தது.

மறுபடி அது பறக்கவில்லை. மியூசியமாகிவிட்டது, அதற்குள்ளேயே கல்யாணப் பதிவும் நடக்கிறதாம். விமானத்துக்குக் கிராமத்தார் வைத்த பெயர் லேடி அக்னஸ். நான்கு பிள்ளைகளோடு தனியாக நின்ற அந்த அம்மாவின் பெயர்.